துறைமுகத்தைத் தன்னோடு எடுத்துப் போகும் கப்பல்

1915 மார்ச் மாதம், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த சமயம். துருக்கியின் கலிப்பொலி தீபகற்பத்தில் படையை இறக்க பிரிட்டன் தீர்மானித்தது. வீரர்களும் தளவாடங்களும் கப்பல்களில் ஏறி ஏஜியன் கடலில் இருக்கும் லெம்னோஸ் தீவுக்கு வந்தார்கள். வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: ஏற்றியவர்கள் இறக்குவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. பீரங்கி ஒரு கப்பலில், அதற்கான குண்டுகள் இன்னொன்றில். வண்டிகள் ஓரிடத்தில், அவற்றை இழுக்க வேண்டிய குதிரைகள் வேறிடத்தில். எல்லாவற்றையும் இறக்கிப் பிரித்து அடுக்க லெம்னோஸில் வசதி கிடையாது. அதனால் கப்பல்களை எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பி, மொத்தத்தையும் இறக்கி, மறுபடி முறையாக ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் ஏப்ரல் 25 அன்றுதான் கரையில் கால் வைக்க முடிந்தது. அதற்குள் துருக்கியப் படை பதுங்குகுழி தோண்டி, முள்கம்பி கட்டி, துப்பாக்கியோடு காத்திருந்தது.

நீர்நிலப் போக்குவரத்துக் கப்பலைப் புரிந்துகொள்ள இந்தக் கதை போதும் என்று எனக்குத் தோன்றும். போர்க்கப்பல் என்றதும் பீரங்கியையும் ஏவுகணையையும்தான் எண்ணிப் பார்க்கிறோம். இந்த வகைக் கப்பலில் எண்ண வேண்டியது வேறு: சுமந்து வந்ததை எவ்வளவு வேகமாக, எந்த வரிசையில், துறைமுகமே இல்லாத ஒரு கரையில் இறக்க முடியும்?

சாதாரணச் சரக்குக் கப்பலுக்குத் துறைமுகம் வேண்டும். ஆழமான நீர், கப்பலை அணைத்துக் கட்ட மேடை, கிரேன், பக்கத்தில் சாலை. போரில் எதிரி தன் துறைமுகத்தைத் திறந்து வைத்து வரவேற்க மாட்டான். பேரிடரில் துறைமுகமே இடிந்து கிடக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலைக் கடப்பது பெரிய வித்தை இல்லை, எந்தக் கப்பலும் கடக்கும். 60 டன் எடையுள்ள ஒரு டாங்கியை, கடைசி இரண்டு கிலோமீட்டர் தாண்டி, ஈர மணலில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் வித்தை.

பெயரில் ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது, அதைத் தீர்த்துவிடலாம். ஆங்கிலத்தில் இவற்றை ‘ஆம்பிபியஸ்’ கப்பல்கள் என்பார்கள். தவளை போன்ற இருவாழ்விகளுக்குச் சொல்லும் அதே சொல். ஆனால் கப்பல் தவளை அல்ல, அது கரையேறாது. தவளைகளை வயிற்றில் சுமந்து வருகிறது, அவ்வளவுதான்.

எப்போதும் அப்படி இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் கரையேறும் கப்பலே இருந்தது: எல்.எஸ்.டி. எனப்பட்ட டாங்கி இறக்கும் கப்பல். தட்டையான அடிப்பாகம், முகப்பில் இரட்டைக் கதவு. கரையை நெருங்கும்போதே பின்பக்க நங்கூரத்தை ஆழத்தில் போட்டுவிட்டு, அதன் வடத்தை விட்டுக்கொண்டே நேராக மணலில் போய் முட்டும். கதவு திறக்கும், சாய்தளம் விழும், டாங்கிகள் இறங்கி ஓடும். வேலை முடிந்ததும் அந்த நங்கூர வடத்தைச் சுற்றி இழுத்துத் தன்னைத்தானே கடலுக்குள் மீட்டுக்கொள்ளும். எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் தட்டை அடிப்பாகம் நடுக்கடலில் பயங்கரமாக உருளும். வேகமும் பத்துப் பன்னிரண்டு நாட்தான். (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.) அதில் வேலை பார்த்த மாலுமிகளே எல்.எஸ்.டி. என்பதற்கு ‘லார்ஜ் ஸ்லோ டார்கெட்’, அதாவது பெரிய, மெதுவான குறி என்று விரிவாக்கம் வைத்திருந்தார்கள்.

இன்னொரு வழி, பெரிய கப்பல் தள்ளி நின்றுகொண்டு சிறு படகுகளை அனுப்புவது. படகைப் பக்கவாட்டில் கீழே இறக்குவார்கள். வீரர்கள் வலையைப் பிடித்து இறங்குவார்கள். வண்டியைக் கிரேனில் தொங்கவிட்டு, ஆடும் படகுக்குள் குறிபார்த்து வைப்பார்கள். கடல் கொஞ்சம் புரண்டாலும் கால் நசுங்கும், வண்டி படகின் விளிம்பில் மோதும்.

சரி, படகைக் கப்பலுக்கு உள்ளேயே வைத்து, உள்ளேயே ஏற்றி, ஏற்றிய படகை அப்படியே மிதக்கவிட்டு வெளியே அனுப்பினால்? 1930களில் ஜப்பான் கட்டிய ‘ஷின்ஷு மாரு’ இந்த யோசனையின் முன்னோடி. 1943-இல் அமெரிக்காவின் ‘ஆஷ்லண்ட்’ வந்தது, ஏறக்குறைய முழுக்கவே மிதக்கும் படகுத்துறை மாதிரியான கப்பல். 1962-இல் பணியில் சேர்ந்த ‘ராலி’ இதைச் சற்று மாற்றியது: படகுத்துறையைக் கொஞ்சம் சுருக்கி, மிச்சப்பட்ட இடத்தை வீரர்களுக்கும் வண்டிகளுக்கும் சரக்குக்கும் கொடுத்து, மேலே ஹெலிகாப்டர் தளமும் வைத்தார்கள். இந்தக் கலவைக்குத்தான் எல்.பி.டி. என்று பெயர். இன்று நீர்நிலப் போக்குவரத்துக் கப்பல் என்றால் பெரும்பாலும் இதுவே.

இதன் உயிர்நாடி பின்பக்கம் இருக்கும் ‘வெல் டெக்’. கிணற்றுத் தளம் என்று சொல்லலாம். அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கப்பலின் பின்முனையில், கோட்டைக் கதவு போல ஒரு பிரம்மாண்டமான கதவு. உள்ளே நீண்ட, உயரமான கூடம். தரையிலும் சுவரிலும் மரப்பலகை பதித்திருப்பார்கள், ஏனென்றால் படகு உள்ளே வரும்போது இடிக்காமல் வராது. இரும்பில் இரும்பு மோதுவதைவிட மரம் அடிவாங்குவது நல்லது, பெயர்ந்துபோனால் மாற்றிக்கொள்ளலாம். கூடத்தின் முன்பக்கம் சாய்தளம் ஏறி, வண்டிகள் நிற்கும் தளங்களோடு சேரும்.

படகை வெளியே விட வேண்டிய நேரம் வந்ததும், கப்பல் வேகத்தைக் குறைத்துவிட்டு, அடியிலும் பக்கங்களிலும் இருக்கும் பாலாஸ்ட் தொட்டிகளுக்குள் கடல்நீரை எடுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான டன் தண்ணீர். பின்பக்கம் மெல்ல மெல்லத் தாழும். கதவு திறக்கும். கடல் உள்ளே வரும். முதலில் தரையில் ஒரு விரற்கடை, அப்புறம் முழங்கால், அப்புறம் கதவோரத்தில் ஆள் முங்கும் ஆழம். அதுவரை பலகையில் உட்கார்ந்திருந்த படகு அசைந்து மிதக்கத் தொடங்கும். எஞ்சினை முடுக்கி, பின்புறமாகவே வெளியேறும். வேலை முடிந்தபின் தொட்டிகளில் இருக்கும் நீரை வெளியேற்றினால் கப்பல் பழையபடி நிமிர்ந்துகொள்ளும்.

கப்பல் கட்டுபவர்கள் அதிகம் பயப்படுவது ஓட்டைக்கு அல்ல, உள்ளே கட்டுப்பாடில்லாமல் அலையும் தண்ணீருக்கு. ஒரு பக்கம் கப்பல் சாய்ந்தால் நீரும் அதே பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். கார்கள் ஏற்றும் பயணப் படகுகள் சில இப்படித்தான் நிமிடங்களில் கவிழ்ந்திருக்கின்றன. அந்த அபாயத்தை இந்தக் கப்பல் தெரிந்தே, அளந்து, வீட்டுக்குள் அழைக்கிறது. எந்தத் தொட்டியில் எவ்வளவு நீர், எவ்வளவு சாய்வு என்று பார்த்துக்கொண்டிருப்பதற்கென்றே உள்ளே ஒரு குழு உட்கார்ந்திருக்கும்.

வெளியே போகும் படகில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று பழைய பாணி இரும்புப் படகு. மெதுவாகப் போகும், ஆனால் நூறு டன்னுக்கு மேல் தூக்கும். முகப்பில் சாய்தளம் இருக்கும், கரையில் முட்டி நிற்கும். இன்னொன்று ஹோவர்கிராஃப்ட். அமெரிக்கக் கடற்படையில் இதை எல்கேக் என்பார்கள். நான்கு எரிவாயுச் சுழலிகள், அடியில் ரப்பர் பாவாடை, அதற்குள் அழுத்திய காற்று. 60 டன் சுமையோடு 40 நாட் வேகத்தில், தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் வந்து, மணலில் ஏறி, உள்நாட்டுக்குள் சற்றுத் தூரம் போய் நிற்கும். காதைப் பிளக்கும் சத்தம், சுற்றிலும் மழை மாதிரி நீர்த்தூறல். இதற்காகக் கிணற்றுத் தளத்தை நீரால் நிரப்பக்கூட வேண்டாம், உலர்ந்த தரையிலேயே வழுக்கி ஏறிக்கொள்ளும். பெரிய லாபம் வேறு இடத்தில். மணலில் முட்டும் இரும்புப் படகு உலகக் கடற்கரைகளில் சுமார் 15 சதவீதத்தில்தான் இறங்க முடியும் என்றும், ஹோவர்கிராஃப்ட் 70 சதவீதத்துக்கு மேல் இறங்கும் என்றும் ஒரு கணக்கு உண்டு. எதிரியின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். காவல் காக்க வேண்டிய கரை எத்தனை மடங்கு நீண்டுவிட்டது!

இந்த 15 சதவீதம் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு 1943 நவம்பர் 20 ஒரு பாடம். பசிபிக்கில் ஜப்பானியர் வசம் இருந்த தராவா என்ற பவளத்தீவு வளையம். சுற்றிலும் பவளப்பாறைத் திட்டு. ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறும்போது திட்டின்மேல் போதுமான நீர் இருக்கும், படகுகள் தாண்டிவிடும் என்று அமெரிக்கர்கள் கணக்குப் போட்டார்கள். அன்று கடல் ஏறவில்லை. படகுகள் திட்டில் தட்டி நின்றன. இறங்கிய மரைன் வீரர்கள் மார்பளவு நீரில், துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே சுமார் அரை கிலோமீட்டர் நடந்தார்கள். மூன்று நாளில் ஏறக்குறைய ஆயிரம் அமெரிக்கர் இறந்தனர். சங்கிலிச் சக்கரத்தில் பாறைமேல் ஏறிப் போன நீர்நில வண்டிகள் மட்டும்தான் கரை சேர்ந்தன, அவையோ போதாத எண்ணிக்கையில் இருந்தன. இதற்கு நேர்மாறாக, 1950 செப்டம்பர் 15 அன்று கொரியாவின் இஞ்சானில், ஏறக்குறைய 10 மீட்டர் ஏறி இறங்கும் ஓதத்தையே அமெரிக்கா பயன்படுத்திக்கொண்டது. எட்டு எல்.எஸ்.டி. கப்பல்கள் மாலை ஓதத்தில் கரைக்கு வந்து, நீர் வற்றியதும் இரவு முழுக்க அங்கேயே தரைதட்டிக் கிடந்தன, வெடிமருந்தும் எரிபொருளும் வயிற்றில் இருக்க. துணிச்சலா, முட்டாள்தனமா என்று இன்றுகூட விவாதிக்கலாம். வென்றதால் துணிச்சல் என்று பெயர் வந்துவிட்டது.

சரக்கை அடுக்கும் விஷயத்துக்குத் திரும்புவோம். வணிகக் கப்பலில் இண்டு இடுக்கு விடாமல் நிரப்புவார்கள், காலி இடம் என்றால் நஷ்டம். தரையிறங்கும் கப்பலில் கணக்கே தலைகீழ். முதலில் தேவைப்படுவது கடைசியில் ஏற வேண்டும். கரையில் முதல் அரைமணி நேரத்தில் டாங்கியைவிட, மணலைச் சமன் செய்து பாதை போடும் புல்டோசர் அவசரமாக இருக்கலாம். அப்படியானால் அது கதவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பீரங்கியும் அதன் குண்டும் அதை இழுக்கும் வண்டியும் ஒரே கப்பலில், அடுத்தடுத்து. ஒரு கப்பல் மூழ்கினாலும் மற்றவை தனியாகச் சண்டையிட முடியும்படி, இப்படிப்பட்ட முழுத் தொகுதிகளைப் பல கப்பல்களுக்கும் பிரித்து வைக்க வேண்டும். நடுவில் ஒரு வண்டியை வெளியே எடுக்க மற்றவற்றை நகர்த்த இடம் வேண்டும், அதனால் வேண்டுமென்றே காலியாக விட்ட இடங்களும் இருக்கும். பாதி இடம் வீணாவது போலத்தான் தெரியும். அலெக்சாந்திரியாவுக்குத் திரும்பிப் போனவர்களைக் கேட்டால் வீண் இல்லை என்பார்கள்.

அளவு பிடிபட ஓர் உதாரணம். அமெரிக்காவின் ‘சான் அன்டோனியோ’ வகை, இந்த இனத்தில் பெரியவற்றுள் ஒன்று. நீளம் 208 மீட்டர், எடை சுமார் 25,000 டன், வேகம் 22 நாட்டுக்கு மேல். மாலுமிகள் தவிர 700 பேர் வரை தரைப்படை வீரர்கள். கிணற்றுத் தளத்தில் இரண்டு ஹோவர்கிராஃப்ட், மேலே ஹெலிகாப்டர்கள், உள்ளே அறுவை அரங்கோடு சிறு மருத்துவமனை. ஆயுதம்? இரண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கி, வருகிற ஏவுகணையைத் தடுக்கச் சின்ன ஏவுகணைகள். இவ்வளவு பெரிய உடம்புக்கு இது கைத்தடி மாதிரிதான். சீனாவின் ‘டைப் 071’ ஏறக்குறைய இதே அளவு, 2007 முதல் எட்டுக் கப்பல் கட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூரின் ‘எண்டூரன்ஸ்’ வகை, நெதர்லாந்தின் ‘ராட்டர்டாம்’ போன்றவை இன்னும் சிறியவை.

விமானந்தாங்கி மாதிரியே தட்டை மேல்தளத்தோடு ஒரு வகை உண்டு, எல்.எச்.டி. என்பார்கள். படத்தில் பார்த்து ஏமாறாதவர் குறைவு. அதுவும் இதே குடும்பம்தான், பெரியண்ணன். அதில் ஹெலிகாப்டருக்கு முதலிடம், சிலவற்றில் செங்குத்தாக இறங்கும் போர் விமானமும் உண்டு. அமெரிக்கா பொதுவாக ஒரு பெரிய தட்டைத்தளக் கப்பல், ஒரு எல்.பி.டி., படகுகளை அதிகம் சுமக்கும் இன்னொரு துறைக்கப்பல் என மூன்றைச் சேர்த்து, சுமார் 2,200 மரைன் வீரர்களை ஏற்றி ஒரே குழுவாக அனுப்பும். தனியாகப் போனால் இவை வேட்டைக்குத் தோதான இரைதான். சுற்றிலும் காவல் கப்பலும், தலைக்கு மேல் விமானப் பாதுகாப்பும் வேண்டும்.

இதை 1982 ஃபாக்லாந்துப் போர் தெளிவாகவே காட்டியது. தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள அந்தத் தீவுகளை அர்ஜென்டினா பிடித்துக்கொண்டது. பிரிட்டன் கிட்டத்தட்ட 13,000 கிலோமீட்டர் தள்ளி இருந்து படை அனுப்ப வேண்டியிருந்தது. அன்று அதன் கையில் இருந்த எல்.பி.டி. இரண்டே இரண்டு: ‘ஃபியர்லெஸ்’, ‘இன்ட்ரெபிட்’. மே 21 அன்று சான் கார்லோஸ் விரிகுடாவில், இவற்றின் கிணற்றுத் தளங்களில் இருந்து புறப்பட்ட படகுகள்தான் படையைக் கரையில் இறக்கின. அங்கே துறைமுகம் என்று சொல்ல எதுவும் கிடையாது. நான்கு நாள் கழித்து ‘அட்லாண்டிக் கன்வேயர்’ என்ற சரக்குக் கப்பல் ஏவுகணைக்கு இரையாகி, மூன்று சினூக் உட்படப் பல ஹெலிகாப்டர்கள் அதோடு போயின. தூக்கிப் போக வழியில்லாமல் வீரர்கள் முதுகில் மூட்டையோடு தீவின் குறுக்கே நடந்தார்கள். ஜூன் 8 அன்று ஃபிட்ஸ்ராய் பகுதியில் ‘சர் கலஹாட்’ என்ற தரையிறங்கும் கப்பல் வீரர்களை இறக்கத் தாமதித்துப் பட்டப்பகலில் நின்றிருந்தபோது விமானங்கள் குண்டு வீசின. 48 பேர் இறந்தனர். இந்தப் பட்டியலில் ஒவ்வொன்றும் இறக்குவது பற்றிய கதையாகவே இருக்கிறது, கவனித்தீர்களா?

போர் இல்லாத நாளில் இவை சும்மா நிற்பதில்லை. சொல்லப்போனால் சண்டையைவிட இந்த வேலைதான் அதிகம். 2004 சுனாமியில் இந்தோனேசியாவின் அச்சே மாகாணக் கரை சிதைந்தபோது, சாலை அறுந்துபோன மெலாபோ நகருக்கு சிங்கப்பூரின் எண்டூரன்ஸ் வகைக் கப்பல்கள் கடல்வழியாக நிவாரணமும் இயந்திரங்களும் கொண்டுபோயின. துறைமுகம் இல்லாத இடத்தில் டாங்கி இறக்கத் தெரிந்தவனுக்கு அரிசி மூட்டை இறக்கத் தெரியாதா? அமெரிக்காவின் ‘ட்ரென்டன்’ 2006-இல் லெபனானில் சிக்கிய அமெரிக்கர்களை வெளியேற்றும் பணியில் இருந்தது. அடுத்த ஆண்டே இந்தியக் கடற்படை அதை வாங்கி ‘ஐஎன்எஸ் ஜலஷ்வா’ என்று பெயரிட்டது. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில் மாலத்தீவின் மாலேயில் இருந்து 698 பேரை ஏற்றி கொச்சிக்குக் கொண்டுவந்தது அதே கப்பல்தான்.

வித்தியாசமான வேலையும் ஒன்று உண்டு. 2022 டிசம்பர் 11 அன்று நிலவைச் சுற்றிவிட்டு ‘ஓரியன்’ விண்கலம் பசிபிக் பெருங்கடலில் விழுந்தபோது, அதை வடம் கட்டி இழுத்துத் தன் கிணற்றுத் தளத்துக்குள் சேர்த்தது ‘போர்ட்லண்ட்’ என்ற எல்.பி.டி. மிதக்கும் எதையும் சேதமில்லாமல் உள்ளே எடுத்து உட்கார வைக்க இதைவிடத் தோதான கப்பல் ஏது?

இனி இந்தக் கப்பல்களுக்கு எதிர்காலம் உண்டா என்பதில் கடற்படைகளே ஒன்றுபடவில்லை. 2022 மார்ச் 24 அன்று, ரஷ்யா பிடித்து வைத்திருந்த உக்ரைனின் பெர்தியான்ஸ்க் துறைமுகத்தில் நின்றிருந்த ரஷ்யாவின் ‘சராத்தொவ்’ என்ற தரையிறங்கும் கப்பலை உக்ரைன் அழித்தது. உக்ரைனின் ஒதேசா கரையில் ரஷ்யா படையிறக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள், கண்ணிவெடியும் ஏவுகணையும் காத்திருந்த அந்தக் கரைக்கு அது வரவே இல்லை. பிரிட்டன் தன் ‘ஆல்பியன்’, ‘புல்வார்க்’ இரண்டையும் ஓய்வுக்கு அனுப்பப் போவதாக 2024 நவம்பரில் அறிவித்தது. அமெரிக்காவோ, நீர்நிலப் போர்க்கப்பல்கள் 31-க்குக் குறையக் கூடாது என்று சட்டமே போட்டு வைத்திருக்கிறது. என் கணிப்பைக் கேட்டால், காவல் உள்ள கரையில் முட்டி மோதி இறங்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. காவல் இல்லாத கரையைத் தேடிப் போய் இறங்கும் தேவை முடியவில்லை.

ஏவுகணைக்கு அஞ்சித் தள்ளி நிற்க வேண்டியதால், அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டர் நீண்டுவிட்டது. அடிவானத்துக்கு அப்பால், கரையில் இருந்து 25 கடல் மைல், அதாவது 46 கிலோமீட்டர் தொலைவில் கப்பல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோவர்கிராஃப்ட் நாற்பது நிமிடத்துக்குள் கரையைத் தொடும். 11 நாட்டில் போகும் இரும்புப் படகுக்கு இரண்டேகால் மணி நேரம், ஒரு வழிக்கு மட்டும். திரும்பி வந்து, மறுபடி ஏற்றி, மறுபடி போக வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அமெரிக்க மரைன் படை இப்போது பெரிய கப்பல்களோடு கூடவே, தீவுக்குத் தீவு சத்தமில்லாமல் போய், படகே இல்லாமல் தானே நேராக மணலில் முட்டிக் கதவைத் திறக்கும் நடுத்தர அளவுக் கப்பல்களையும் கேட்கிறது. எண்பது ஆண்டுக்கு முன் ‘மெதுவான குறி’ என்று மாலுமிகள் கிண்டல் செய்த கப்பலும் இதையேதான் செய்தது.